நேரில் கேட்கும் கச்சேரி

ஒரு கச்சேரியை அரங்கில் உட்கார்ந்து கேட்பவரின் காதுக்கு ஒலி ஒரே வழியாக வந்து சேர்வதில்லை. பாடகரின் வாயிலிருந்து நேராக வரும் ஒலி முதலில் எட்டுகிறது. சுவரிலும் கூரையிலும் ஒருமுறை பட்டுத் திரும்பியது சில மில்லி நொடிகள் தாமதித்து வருகிறது. பலமுறை மோதித் தேய்ந்தவை அதற்கும் பின்னால் கூட்டமாக வருகின்றன. இவை அனைத்தும் கலந்த கலவைதான் அந்த மாலையின் இசை. ஒலிப்பதிவில் கிடைப்பது மைக் இருந்த இடத்தின் ஒலி. அரங்கில் ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு கலவை உண்டு. அடுத்த வரிசையில் இருப்பவர் கேட்பது சற்று வேறானது. மேலும், கேட்க வந்தவரின் உடம்பே அந்த ஒலியை மாற்றுகிறது. அவர் அங்கே இருப்பதால் கூடம் வேறு விதமாக ஒலிக்கிறது, பாடுபவர் வேறு விதமாகப் பாடுகிறார். ரசிகரை மகிழ்விக்கச் சொல்லும் உபசார வார்த்தையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டுமே அளந்து பார்க்கப்பட்டவை.

முதல் அளவை நடந்தது 1895-இல். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் புதிய சொற்பொழிவுக் கூடத்தில் யார் பேசினாலும் விளங்கவில்லை. சொன்ன சொல் ஐந்தரை நொடி வரை கூடத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் பேச்சாளர் மேலும் பத்துச் சொற்களைச் சொல்லிவிடுவார். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். இதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் இரவு நேரங்களில், அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து கூடத்தில் பரப்பினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்க வைத்து, சட்டென்று நிறுத்தி, ஒலி முற்றிலும் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். மெத்தை கூடக் கூட எதிர்முழக்கம் குறைந்தது. சில ஆண்டு உழைப்புக்குப் பிறகு ஒரு சிறிய சூத்திரம் கிடைத்தது: கூடத்தின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஒலியின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய எத்தனை நொடி ஆகும் என்பது, அதாவது எதிர்முழக்க நேரம், வந்துவிடும். 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பனி ஹால் இந்தக் கணக்கைக் கொண்டு வடிவமைத்த முதல் இசையரங்கு. உலகின் மிகச் சிறந்த அரங்குகளில் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது.

சபைன் உறிஞ்சும் திறனைத் திறந்த சன்னலின் பரப்பைக் கொண்டு அளந்தார். சன்னல் வழியே வெளியே போன ஒலி திரும்பி வராது அல்லவா? அந்தக் கணக்கில் ஒரு மனிதர், உடையோடும் உடம்போடும், ஏறக்குறைய அரை சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம். 5,000 கன மீட்டர் கொண்ட ஒரு சபா அரங்கை எண்ணிக்கொள்ளலாம். மர நாற்காலிகள், காலியாக இருக்கிறது, உறிஞ்சும் பரப்பு 400 சதுர மீட்டர் என்றால் எதிர்முழக்க நேரம் 2 நொடி. 600 பேர் வந்து உட்கார்ந்து, ஆளுக்கு 0.4 சதுர மீட்டர் கூட்டினால் அது ஒன்றேகால் நொடியாக இறங்கிவிடும். காலி ஹாலில் மாலை நான்கு மணிக்குச் சரிபார்த்து வைத்த ஒலி அமைப்பு, கூட்டம் நிரம்பிய ஆறரை மணிக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம். மெத்தை வைத்த நாற்காலிகள் இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கின்றன: ஆள் இல்லாதபோது ஆளின் வேலையை மெத்தை பார்க்கிறது.

மேற்கத்திய சிம்பனி இசைக்கு ஏறக்குறைய 2 நொடி எதிர்முழக்கம் சுகமாக இருக்கும்; நீண்ட சுரங்கள் ஒன்றோடொன்று இழைந்து நிறையும். கர்நாடக இசைக்கு அது கூடுதல். துரித காலத்தில் கல்பனாஸ்வரம் பாடும்போது நொடிக்கு எட்டுச் சுரம் விழுகிறது. மிருதங்கத்தில் அதைவிடவும் நெருக்கமாகச் சொற்கள் விழும். எதிர்முழக்கம் நீண்டால் சாகித்யத்தின் எழுத்துகள் தேய்ந்துவிடும், கணக்கு கலங்கிவிடும். அதே சமயம் எல்லாச் சுவர்களிலும் துணி போர்த்தி ஒலியைக் கொன்றுவிட்டால், பாடகருக்குத் தன் குரல் திரும்பி வராது. கேட்பவருக்கும் வறண்டு போகும். நேர் ஒலியைத் தொடர்ந்து ஏறக்குறைய 30 மில்லி நொடிக்குள் வரும் எதிரொலிகளைக் காது தனியாகக் கேட்பதில்லை. முதலில் வந்ததோடு சேர்த்து, அது வந்த திசையிலிருந்தே வருவதாக எடுத்துக்கொள்கிறது. ஜெர்மானியரான ஹெல்முட் ஹாஸ் 1949-இல் இதை விரிவாக நிறுவினார். 50 மில்லி நொடிக்கு மேல் தள்ளி வந்தால் அது தனி எதிரொலியாகிக் குறுக்கிடத் தொடங்கும். அந்த நேரத்தில் ஒலி கடக்கும் தூரம் 17 மீட்டர். நல்ல அரங்கைக் கட்டுபவர்கள் பக்கச் சுவர்களைப் படாத பாடு பட்டு வடிவமைப்பது இந்தச் சில மீட்டர்களுக்காகத்தான்.

மேடையில் முதலில் ஒலிப்பது தம்புரா. அதன் ரீங்காரத்தை இயற்பியலாகப் பார்த்தவர் சர் சி.வி. ராமன். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவற்ற கணு கொண்ட மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது அதுவரை ஏற்கப்பட்ட விதி. தம்புரா அந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்று 1921-இல் அவர் காட்டினார். காரணம் அதன் குதிரையில் இருக்கிறது. வயலினின் குதிரை தந்தியை ஒரு கூரான விளிம்பில் தாங்குகிறது. தம்புராவின் குதிரை அகலமாக, மெல்ல வளைந்த மேற்பரப்பு கொண்டது. தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு பருத்தி நூல், ஜீவா, செருகப்படுகிறது. அதிரும் தந்தி அந்த வளைவில் படிந்தும் எழுந்தும் விளையாடும்போது, கீழ்ச்சுரத்தின் ஆற்றல் ஓயாமல் மேற்சுரங்களுக்குப் பாய்கிறது. நூலை மயிரிழை நகர்த்தினால் ரீங்காரம் மங்கும் அல்லது மலரும். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என நாலே தந்திகள்தாம். ஆனால் அவை எழுப்பும் மேற்சுரங்களின் அடர்த்தியில், கூர்ந்து கேட்பவருக்கு அந்தர காந்தாரம் தனியாக மிதந்து வரும். யாரும் மீட்டாத சுரம் அது. சிறிய ஒலிபெருக்கிகளில் இந்த அடர்த்தியில் பெரும்பங்கு தொலைந்துபோகிறது. அரங்கின் முன்வரிசையில் முழுதாகக் கிடைக்கிறது.

மிருதங்கமும் ராமனின் கண்ணுக்குத் தப்பவில்லை. வெறும் தோலை வட்டமாக இழுத்துக் கட்டித் தட்டினால் எழும் அதிர்வுகள் 1, 1.59, 2.14, 2.30 என்ற விகிதங்களில் அமையும். முழு எண்களாக இல்லாததால் காதுக்கு அதில் சுருதி பிடிபடாது, வெறும் ஓசைதான். மிருதங்கத்தின் வலந்தலை நடுவில் கரணை என்ற கருஞ்சாந்தைப் படலம் படலமாக அப்பித் தேய்க்கிறார்கள். நடுவில் எடை கூடுவதால் அந்த விகிதங்கள் நகர்ந்து முழு எண்களில் போய் நிற்கின்றன. ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து இசைவான சுரங்களாகத் திரள்கின்றன என்று ராமன் கண்டார். அவரது முதல் குறிப்பு 1920-இலும் விரிவான ஆய்வு 1930-களின் நடுவிலும் வெளியாயின. கணிதம் எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, மிருதங்கம் செய்யும் கைவினைஞர்கள் காதை மட்டும் நம்பி இந்த விடையை எட்டியிருந்தார்கள். இந்திய அறிவியல் வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

தோலும் தந்தியும் காற்றுக்குக் கட்டுப்பட்டவை. ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். குளிர்சாதனம் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்சத் தோல் இறுகிச் சுருதி ஏறும். ஆகவே வெளிப்புழுக்கத்திலிருந்து குளிரூட்டிய மேடைக்கு வந்த மிருதங்க வித்வான் முதல் அரைமணி நேரம் கல்லும் கையுமாக இருப்பார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வலந்தலையின் விளிம்பைச் சுற்றி அவர் தட்டுவதைப் பழகிய ரசிகர்கள் கவனித்திருப்பார்கள். விளிம்பில் மேலிருந்து தட்டினால் தோல் இறுகும். கீழிருந்து தட்டினால் தளரும். குழலிலோ காற்றின் வெப்பம் பேசும். ஒலியின் வேகம் 20 பாகை செல்சியசில் நொடிக்கு 343 மீட்டர். ஒவ்வொரு பாகைக்கும் 0.6 மீட்டர் கூடும். குழல் சூடேறினால் சுருதி மேலே போகும்.

கலைஞர்கள் உட்காரும் முறையிலும் ஒலியியல் இருக்கிறது. வலக்கை மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்கார்ந்தால், சுருதி கூட்டிய வலந்தலை சபையைப் பார்த்து இருக்கும். மிருதங்க வித்வான் பழநி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அவர் வாசித்த மேடைகளில் வயலினும் மிருதங்கமும் இடம் மாறவேண்டி வந்தது. ஒருவருக்கொருவர் ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதால், ஒருவர் எழுப்பிய ஒலி அடுத்தவரை 4 அல்லது 5 மில்லி நொடியில் எட்டுகிறது. இந்த நெருக்கம் இன்றியமையாதது. தாமதம் 25 மில்லி நொடியைத் தாண்டிவிட்டால், ஒருவருக்கொருவர் காத்திருந்து காலப்பிரமாணம் தானாகவே தளர்ந்துபோகும் என்று சோதனைகள் காட்டுகின்றன. பெருந்தொற்றின்போது கச்சேரிகள் இணையத்துக்கு இடம்பெயர்ந்த காலத்தில், ஆளுக்கொரு வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க முடியாமல் போனது இதனால்தான். பலரும் ஒருவர் பதிந்ததன்மேல் மற்றவர் பதிந்து ஒட்டினார்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்துக் குறைத்துக்கொண்டே வரும் அந்த உரையாடலுக்கு மில்லி நொடிகள்தாம் உயிர்.

ஒலிபெருக்கி வருவதற்கு முன் பாட்டு, கூடத்தின் கடைசி வரிசையைத் தன் பலத்தில் எட்ட வேண்டியிருந்தது. மனிதக் காது மிகக் கூர்மையாக உணர்வது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை. உச்சத்தில் பாடும் குரலின் மேற்சுரங்கள் அந்த வட்டத்தில் வலுவாக விழும். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடைகளில் உச்சச் சுருதியில் பாடிக் கட்டிப்போட்டதற்குப் பின்னால் இந்த உடலியலும் உண்டு. மைக் வந்தபின் மெல்லிய குரலுக்கும் தாழ்ந்த சுருதிக்கும் மேடை திறந்தது. தாழ்ந்த சுருதியில் பாடிய எம்.டி. ராமநாதனின் கார்வைகள் ஆயிரம் பேர் கொண்ட அரங்கில் கடைசி நாற்காலி வரை அதிர்ந்தது மைக்கால்தான். வீணைக்கும் அதே வரம் கிடைத்தது.

வரத்தோடு வில்லங்கமும் வந்தது. ஒலிபெருக்கியிலிருந்து வெளிவந்தது மறுபடி மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி வெளியே வரும். இந்தச் சுற்றில் ஏதாவது ஓர் அதிர்வெண் மட்டும் கட்டுக்கடங்காமல் வளர்ந்து ஊளையிடும். கலைஞர்களின் பக்கம் திருப்பி வைத்த பெட்டிகள் சரியாக இல்லாவிட்டால் தொல்லை வேறு விதமாக வரும். சுற்றிலும் ஓசை கூடினால் மனிதர் தம்மை அறியாமல் குரலை உயர்த்துவார். இதைப் பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் 1911-இல் விவரித்தார். மேடைப் பெட்டியில் மிருதங்கம் மிஞ்சினால் பாடகர் தொண்டையை வருத்துவார், அதைக் கேட்டு மிருதங்கம் இன்னும் ஓங்கும். இரண்டு பாட்டுக்கு நடுவே வித்வான் ஒலி அமைப்பாளரைப் பார்த்து விரலைக் கீழே காட்டுவது குரலைக் காப்பாற்றும் முயற்சி.

மைதானங்களில் நடக்கும் திரையிசை நிகழ்ச்சிகளில் தூரமே முதல் எதிரி. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறையும். மேடையின் இருபுறமும் வாழைத்தார் போலத் தொங்கும் பெட்டி வரிசைகள் அந்த இழப்பை ஏறக்குறைய பாதியாக்குகின்றன. நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒலி 0.29 நொடி தாமதமாகச் சேரும்; திரையில் உதடு முந்திக்கொள்ளும், பாட்டு பிந்தும். கூட்டம் கைதட்டித் தாளம் போடும்போது முன்வரிசையும் பின்வரிசையும் ஒன்றுபடாமல் அலையாக நகர்வதும் இதன் விளைவே.

இனி, கேட்பவரின் தலைக்குள் நடப்பது. 2011-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வலோரி சலிம்பூரும் ராபர்ட் சடோரேயும் உடனிருந்தவர்களும், தமக்கு மிகப் பிடித்த இசையைக் கேட்டு மயிர்க்கூச்செறியும் பழக்கம் உள்ளவர்களைத் தேர்ந்து, மூளையில் டோபமின் சுரப்பதை அளந்தார்கள். சிலிர்ப்பின் உச்சத்தில் அக்கம்பென்ஸ் என்ற பகுதியில் டோபமின் சுரந்தது. அதைவிட முக்கியமானது இன்னொரு கண்டுபிடிப்பு: அந்த உச்சம் வருவதற்குச் சில நொடிகள் முன்பே, காடேட் என்ற வேறொரு பகுதியில் சுரப்பு தொடங்கிவிட்டது. அதாவது, வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பே ஒரு தனி இன்பம். பிடித்த கலைஞர் என்ற உறவின் உடலியல் அடித்தளம் இங்கே இருக்கிறது. அவருடைய போக்கு தெரிந்தவரால்தான் எதிர்பார்க்க முடியும். எதிர்பார்ப்பவரால்தான் அவர் வழிமாறும்போது வியக்க முடியும்.

கர்நாடகக் கச்சேரி இந்த எதிர்பார்ப்பை வைத்தே கட்டப்பட்டது. தோடி ஆலாபனையில் பாடகர் பஞ்சமத்தையும் தைவதத்தையும் சுற்றிச் சுற்றி வந்து தார ஸட்ஜத்தைத் தொடாமல் திரும்புகிறார். மறுபடி ஏறுகிறார், நிஷாதத்தில் நின்று அசைக்கிறார், இறங்குகிறார். கடைசியில் மேல் ஸட்ஜத்தில் போய் நிற்கும்போது அரங்கு முழுதும் மூச்சை விடுகிறது. லயத்தில் இது இன்னும் துல்லியம். ஆதி தாளம் எட்டு அட்சரம்; அட்சரத்துக்கு நாலு மாத்திரையாக ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை. ‘ததிங்கிணதொம்’ ஐந்து மாத்திரை. அதை மூன்று முறை சொல்லி, இடையிடையே இரண்டு மாத்திரை கார்வை விட்டால் மொத்தம் 19. ஆகவே 14-ஆவது மாத்திரையில் எடுத்தால், முடிந்த மறுகணம் சமம், அதாவது அடுத்த ஆவர்த்தனத்தின் தொடக்கம். எடுத்த இடம் தாளத்தின் எந்த அடியோடும் ஒட்டாமல் அந்தரத்தில் இருக்கிறது. முதல் ததிங்கிணதொம் முடிகிற இடமும் அப்படியே. தாளம் போட்டுக்கொண்டிருக்கும் ரசிகரின் கை ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டே போய், சமத்தில் இரண்டும் சேர்ந்து இறங்குகின்றன. உடம்பு அசையாமல் உட்கார்ந்து சீரான தாளத்தைக் கேட்டாலே மூளையின் இயக்கப் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன என்று படமெடுத்துக் கண்டிருக்கிறார்கள். கையால் தாளம் போடுபவருக்கு அந்தத் தொடர்பு வெளிப்படையாகவே நடக்கிறது.

நேரில் கேட்பதும் பதிவைக் கேட்பதும் ஒன்றா என்பதை நேராகவே சோதித்தவர்கள் உண்டு. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் கருவிகள் பொருத்திய ஓர் இசையரங்கு இருக்கிறது. அங்கே ராக் பாடகர் இயன் ஃப்ளெச்சர் தோர்ன்லி பாடியதை ஒரு கூட்டத்தாரும், அதே பாடல்களின் இசைத்தட்டை இன்னொரு கூட்டத்தாரும் கேட்டார்கள். கேட்டவர்களின் தலையசைவு கேமராவால் பதிவு செய்யப்பட்டது. 2019-இல் வெளியான முடிவு: நேரில் கேட்டவர்களின் தலைகள் அதிக வேகத்தோடு அசைந்தன, பொதுவாகக் கேட்க வந்தவர்களைவிட அவருடைய ரசிகர்கள் தாளத்தோடு கூடுதலாக ஒட்டி அசைந்தார்கள். அதே அரங்கில் இன்னொரு நிகழ்ச்சியில், காதுக்குப் புலப்படாத மிகத் தாழ்ந்த ஒலியை எழுப்பும் பெட்டிகளை அவ்வப்போது போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். அவை இயங்கிய நேரங்களில் ஆட்டம் ஏறக்குறைய 12 விழுக்காடு கூடியது. வித்தியாசத்தை யாரும் உணரவில்லை. தோலும் உட்காதும் உணர்ந்திருக்க வேண்டும். வீட்டுப் பெட்டி இந்த அதிர்வைத் தருவதில்லை.

சூரிச் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை இன்னும் ஆழமானது. கேட்பவர் மூளை வருடியின் உள்ளே படுத்திருக்க, பியானோ கலைஞர் வெளியே நேரடியாக வாசித்தார். கேட்பவரின் உணர்ச்சி மையங்களில் ஒன்றான அமிக்டலா எந்த அளவு கிளர்ந்திருக்கிறது என்பது அவ்வப்போதே கலைஞருக்குக் காட்டப்பட்டது. அதைப் பார்த்து அவர் வாசிப்பை மாற்றினார். பதிவைக் கேட்டபோது இருந்ததைவிட இப்படிக் கேட்டபோது அமிக்டலா கூடுதலாகவும் சீராகவும் இயங்கியது என்று 2024-இல் அறிவித்தார்கள். சபையில் இதற்கு வருடி தேவைப்படுவதில்லை. முன்வரிசைப் பெரியவர் ‘பலே’ என்று தலையாட்டுகிறார். பாடகர் அந்தச் சங்கதியைக் கொஞ்சம் விரித்துப் பாடுகிறார். ராகத்துக்குச் சபை மசியவில்லை என்று தெரிந்தால் சுருக்கிக்கொண்டு துரித கிருதிக்குப் போகிறார். கச்சேரியின் பாதி, மேடையில் அந்த நேரத்தில் முடிவாவது. மனோதர்மத்துக்குப் பார்வையாளரும் ஒரு மூலப்பொருள்.

ரசிகர்களும் ஒருவரையொருவர் தொற்றுகிறார்கள். பெர்லினில் அறை இசை நிகழ்ச்சிகளைக் கேட்ட நூற்றுக்கு மேற்பட்டவர்களின் இதயத் துடிப்பும் மூச்சின் வேகமும் தோலின் மின்கடத்தலும், தற்செயலாக அமையக்கூடிய அளவைவிடக் கூடுதலாக ஒன்றுபட்டு ஏறி இறங்கின என்று 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது. கைதட்டலில் இது காதுக்கே கேட்கும். கிழக்கு ஐரோப்பிய அரங்குகளில் பதிவு செய்ததை ஆராய்ந்து 2000-இல் எழுதியவர்கள், கலைந்து ஒலித்த கைதட்டல் திடீரென்று ஒரே தாளமாக இணைவது எப்படி என்று கண்டார்கள்: ஒவ்வொருவரும் தட்டும் வேகத்தைப் பாதியாகக் குறைக்கிறார்கள், மெதுவான வேகத்தில் ஆளுக்கு ஆள் வேறுபாடு குறைகிறது, இணைகிறார்கள். தட்டுதல் பாதியானதால் ஓசை குறைந்துவிடும்; உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டுவார்கள், மறுபடி கலையும்.

ஓசையின் அளவு ஒன்று மட்டும் கவலைக்குரியது. உட்காதின் நத்தை வடிவக் குழலில், ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிரணுக்கள் ஒரு காதுக்குப் பதினையாயிரம் அளவில் இருக்கின்றன. அழிந்தால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. 85 டெசிபெல் ஓசையை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பணியிடப் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபெல்லுக்குக் கிடைப்பது 15 நிமிடம். பெரிய ராக், திரையிசை மேடைகளின் அருகே அந்த அளவு எளிதாகத் தாண்டப்படுகிறது. முந்நூறு பேர் கொண்ட சிறு சபாவிலும் தேவையில்லாமல் ஒலியைக் கூட்டி வைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. நுணுக்கமான கமகத்துக்கு அது செய்யும் கேடு பெரிது. நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்ததும் காது அடைத்தாற்போல் இருப்பதும் ரீங்கரிப்பதும் மயிரணுக்கள் களைத்துவிட்டதன் அடையாளம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். அடிக்கடி நேர்ந்தால் தெளியாமல் தங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வகுத்த விதிமுறை, இசை நிகழ்ச்சிகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது, காதடைப்பான்கள் கிடைக்கச் செய்ய வேண்டும், காதுக்கு ஓய்வு தர ஓர் அமைதியான இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது. இசைக்கென்று செய்த காதடைப்பான்கள் எல்லா அதிர்வெண்களையும் சமமாகக் குறைப்பதால் பாட்டின் நிறம் கெடுவதில்லை. அது கையில் இல்லாதவர் பெட்டிகளின் நேர்முகத்திலிருந்து பின்னால் தள்ளி, அரங்கின் நடுவில் இடம் பிடித்துக்கொள்ளலாம். பெரும்பாலான அரங்குகளில் ஒலி அமைப்பாளரின் மேசை இருப்பதும் அந்தப் பகுதியில்தான்.